தன்னுணர்ச்சிப் பாடலிற் கேட்போர்: அலானிஸ் மோரிசெட்டின் 1995ஆம் ஆண்டுத் தொகுதி பற்றிய ஆய்வு

முன்னுரை

பாட்டிற்கும் அதனைப் பாடியவரின் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா திறனாய்வுத் துறையில் மிகப் பழமையானது. இன்றும் முடிவு காணப்பெறாதது. 'தன்னுணர்ச்சிப் பாடல்' என வழங்கும் வகையைப் பற்றிப் பேசும்போது இவ்வினா கூர்மை பெறுகின்றது. பாடுவோர் தம் வாழ்வில் நிகழ்ந்ததைத் தம் வாயால் பாடுவதே தன்னுணர்ச்சிப் பாடல் என்பர் சிலர். அங்ஙனமாயின், பாட்டைச் சுவைத்தற்குப் பாடியவரின் வரலாற்றை அறிதல் இன்றியமையாததாகிவிடும். வரலாறு கிட்டாத பாட்டுச் சுவையற்றதாதல் வேண்டும். வரலாறு பொய்யெனத் தெரிந்தவழிப் பாட்டும் பொய்யாதல் வேண்டும். இவ்விரண்டும் நம் பட்டறிவிற்கு மாறானவை. ஆகவே, தன்னுணர்ச்சி என்பதன் நிலைக்களன் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அஃது எவ்விடம் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1995ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அமெரிக்க நாட்டில் 'ஜாகட் லிட்டில் பில்' என்னும் பாடல் தொகுதி வெளிவந்தது. முனை மழுங்காத சிறு மாத்திரை என்பது அப்பெயரின் பொருள். பாடியவர், கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் 1974இல் பிறந்த அலானிஸ் மோரிசெட் என்னும் பெண்மணியார். அதற்குமுன் அவர் தம் நாட்டளவில் பாப் இசைப் பாடகியாக அறியப்பெற்றவர். இத்தொகுதியோ ராக் இசையைச் சார்ந்தது. அதனினும் மேலாக, பாடியவர் தம் நெஞ்சைத் திறந்து காட்டிய தொகுதி என்று எல்லாராலும் பேசப்பெற்றது. உலகெங்கும் 3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. 1996இல், ஆண்டின் சிறந்த தொகுதிக்குரிய விருது உட்படக் கிராமி விருதுகள் நான்கினை அவர் பெற்றார். அப்போது அவருக்கு அகவை 21. அத்துணை இளமையில் அவ்விருதினை அதற்குமுன் பெற்றார் எவரும் இலர். 2010இல் டெய்லர் ஸ்விஃப்ட் தம் 20ஆம் அகவையில் அதனைப் பெறும் வரை அப்பெருமை இவருக்கே உரியதாக இருந்தது.

இத்தகைய மாற்றம் மேலையிசையில் இவரிடம் மட்டும் காணப்படுவதன்று. பிறர் பாடுதற்குப் பாடல் எழுதித் தந்துவந்த கரோல் கிங் 1971இல் 'டேப்பஸ்ட்ரி' என்னும் தொகுதியால் தம் குரலை நிலைநாட்டினார். 1964இல் பிறர் எழுதித் தந்த மென்பாடலால் புகழெய்திய மேரியான் ஃபெய்த்ஃபுல் 1979இல் கரகரத்த குரலுடன் 'புரோக்கன் இங்கிலிஷ்' என்னும் தொகுதியை வெளியிட்டார். எனினும், மாற்றத்தின் முன்னிலையும் பின்னிலையும் தெளிவாக ஒப்புநோக்கத்தக்க வகையில் அமைந்தது மோரிசெட்டின் வரலாறே. அதனால் அதனையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

ஆராய்தற்குரிய கருவியாகத் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த உறுப்புகளுட் சிலவற்றை யாம் கொள்கின்றோம். கூற்று, கேட்போர், களன் என்பன அவை. யார் கூறுகின்றார், யாரிடம் கூறுகின்றார், எவ்விடத்துக் கூறுகின்றார் என்னும் இவ்வினாக்கள் எம்மொழிப் பாட்டின்மீதும் எழுப்பத்தக்கவை. கனடா நாட்டுப் பாடகியார் தமிழ் மரபை அறிந்து பாடினார் என்பது எம் கருத்தன்று. நம்மிடம் உள்ள அளவுகோல் அயற்பொருளையும் அளக்கவல்லதா என்று காண்பதே கருத்து.

முற்பட்ட இரு தொகுதிகள்

மோரிசெட்டின் முதல் தொகுதி 'அலானிஸ்' என்னும் பெயருடன் 1991இல் கனடாவில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை 16. ஆடற்கேற்ற விரைந்த தாளமும், விசைப்பலகைக் கருவிகளின் ஒலியும் கொண்ட பாடல்கள் அதில் அமைந்தன. அந்நாட்டில் அது 1 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 1992இல் நம்பிக்கைக்குரிய இளம் பாடகிக்கான ஜூனோ விருது அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டே 'நவ் இஸ் த டைம்' என்னும் இரண்டாம் தொகுதி வெளிவந்தது. அது முன்னதைப் போல் விற்கவில்லை. இரு தொகுதிகளுக்கென அமைந்த ஒப்பந்தமும் அத்துடன் முடிவுற்றது.

இவ்விரு தொகுதிகளிலும் உள்ள பாடல்களைப் பிறர் எழுதித் தந்தனர் என்று பலரும் எண்ணுவர். அது பிழை. லெஸ்லி ஹவ் என்பாருடன் சேர்ந்து மோரிசெட்டே அவற்றுட் பெரும்பாலனவற்றை எழுதினார். இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது. ஏனெனில், 'முன்பு பிறர் சொல்லைப் பாடினார். பின்பு தம் சொல்லைப் பாடினார். ஆகவே தன்னுணர்ச்சி தோன்றிற்று' என்னும் எளிய விளக்கம் இதனால் வீழ்ந்துபடுகின்றது. சொல் இரு காலத்தும் அவருடையதே. இரு காலத்தும் துணை எழுத்தாளர் ஒருவர் உடனிருந்தார் என்பதும் கருதத்தக்கது.

தொகுதி உருவான முறை

ஒட்டாவாவினின்று டொராண்டோவிற்கும், அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற்கும் மோரிசெட் சென்றார். 1994இல் கிளென் பாலர்ட் என்னும் இசையமைப்பாளரைச் சந்தித்தார். மைக்கேல் ஜாக்சன் பாடிய 'மேன் இன் த மிரர்' என்னும் பாடலைச் சைடா காரெட்டுடன் சேர்ந்து எழுதியவர் பாலர்ட். அவரும் பாப் இசையிலேயே தேர்ச்சி பெற்றவர் என்பதை மறத்தலாகாது. இருவரும் பாலர்ட்டின் இல்லத்தில் அமைந்த பதிவுக்கூடத்தில் அமர்ந்து, நாளொன்றுக்கு ஒரு பாடல் எழுதிப் பதிவுசெய்தல் என்னும் நோக்குடன் பணியாற்றினர். பாட்டு எழுதப்பெற்ற நாளிலேயே, ஒருமுறையோ இருமுறையோ பாடிப் பதிந்த குரல்தான் பெரும்பாலும் தொகுதியில் இடம்பெற்றது. பிற்பட்ட நாளில் கருவியிசை சேர்க்கப்பெற்றபோதும் அக்குரல் மாற்றப்பெறவில்லை. மடோனா இணைந்து நிறுவிய மாவரிக் நிறுவனம் தொகுதியை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையமாகிய கே.ஆர்.ஓ.கியூ. 'யூ ஆட்டா நோ' என்னும் பாடலை ஒலிபரப்பத் தொடங்கியதும் புகழ் விரைந்து பரவிற்று.

முதற்குரலை மாற்றாமை என்பது சிறு செய்தி போலத் தோன்றினும் அதன் பயன் பெரிது. பலமுறை பாடித் தேர்ந்த குரலில், பாடுவோர் தம் பாட்டைத் தாமே கேட்டு அறிந்துவிட்ட அமைதி இருக்கும். அன்று எழுதி அன்றே பாடிய குரலில் அவ்வமைதி இராது. அடுத்த சொல்லை நோக்கி விரையும் பரபரப்பே இருக்கும். மோரிசெட்டின் அடிகளிற் சொற்கள் மிகுதி, இசையடியோ குறுகியது. அதனால் அழுத்தம் வேண்டாத அசையில் அழுத்தம் விழுகின்றது; ஒரு சொல் இடையில் முறிந்து அடுத்த தாளத்திற் சேர்கின்றது. நம் யாப்பு நூலார் இதனை ஒத்த நிகழ்ச்சியை வகையுளி என்பர். செப்பமான பாப் பாடலில் இது குறையெனக் கருதப்படும். ஈண்டோ, சொல்லவந்தது சொல்லும் அளவையை மீறிநிற்கின்றது என்னும் உணர்வைக் கேட்போர்க்குத் தருகின்றது.

மாற்றம் எதில் உள்ளது?

இனி, மாற்றத்தின் நிலைக்களன் எது என்பதைப் பார்ப்போம். சொல் அன்று என்பதை மேலே கண்டோம். கருவியிசையே மாற்றம் என்பர் வேறு சிலர். மின்கிதாரின் உரத்த ஒலியும் குரலின் கரடும் உண்மைக்கு அடையாளங்கள் என்றும், இழைத்த இனிமை பொய்ம்மைக்கு அடையாளம் என்றும் ராக் இசையின்பால் ஈடுபட்டோர் கருதுவதுண்டு. 'யூ ஆட்டா நோ' பாடலில், அந்நாளில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவைச் சேர்ந்திருந்த ஃபிளீ, டேவ் நவாரோ ஆகிய இருவரும் முறையே தாழிசைக் கிதாரும் மின்கிதாரும் இசைத்தனர் என்பதும், அவ்விசை பாடலின் வேகத்தைப் பெருக்கிற்று என்பதும் உண்மையே. ஆயினும், 2005இல் இதே தொகுதியின் பாடல்களை மின்கருவிகளின் முழக்கமின்றி, மென்மையாக இசைக்கும் கருவிகளைக் கொண்டு மோரிசெட் மீண்டும் பாடி வெளியிட்டார். ராக் இசைக்குரிய ஒலி நீங்கிய அப்பதிவிலும் அவை தன்னுணர்ச்சிப் பாடல்களாகவே நின்றன. ஆகவே கருவியிசை துணைக்காரணமாகலாம், முதற்காரணமாகாது.

வாழ்க்கை நிகழ்ச்சியே மாற்றம் என்பது மூன்றாம் விளக்கம். இதுவே பெருவழக்காக உள்ளது. ஆனால், இத்தொகுதியில் மிக நுண்ணிய பாடல்களுள் ஒன்றாகிய 'பெர்ஃபெக்ட்' இவ்விளக்கத்திற்கு இடங்கொடாது. அதில் பேசுவது மகள் அன்று, பெற்றோரின் குரல். வென்றால் அன்பு உண்டு. தோற்றால் இல்லை என்பதை நயமாகவும் கொடுமையாகவும் ஒரு குழந்தைக்கு அக்குரல் உணர்த்துகின்றது. பாடியவர் தம் வாயில் தம் கூற்றை வையாது பிறர் கூற்றை வைத்திருந்தும், தொகுதியில் நெஞ்சைத் தொடும் பாடல்களுள் இஃது ஒன்று. பேசுவோர் தாமாக இருத்தல் தன்னுணர்ச்சிக்கு இன்றியமையாதது அன்று என்பது இதனாற் பெறப்படும்.

எனவே எஞ்சுவது கேட்போர் என்னும் உறுப்பே. முற்பட்ட தொகுதிகளிலும் 'நீ' என்னும் சொல் வருகின்றது. ஆனால் அந்த 'நீ' யாராகவும் இருக்கலாம். அரங்கில் ஆடும் கூட்டம் முழுவதும் அந்த 'நீ'யே. 1995ஆம் ஆண்டுத் தொகுதியில் வரும் 'நீ'யோ ஒருவர். பாடுவோர்க்கு எதிரே நிற்பவர். தம்மைப் பற்றிய வழக்கிற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர். நாம் அங்குக் கேட்போர் அல்லேம், ஒட்டுக்கேட்போர். பாடல் நம்மை நோக்கிப் பேசுவதை விடுத்து, நம் செவிப்படுமாறு வேறொருவரை நோக்கிப் பேசத் தொடங்கிய இடத்தில்தான் மாற்றம் நிகழ்ந்தது என்பது எம் துணிபு.

பாடல்களிற் கேட்போர்

இத்துணிபைப் பாடல்களில் வைத்துக் காண்போம். 'யூ ஆட்டா நோ' பாடலிற் கேட்போன், தன்னை விடுத்து வேறொருத்தியை நாடிச் சென்ற காதலன். களனும் உண்டு: அவனும் அவளும் அமைதியாக இருக்கும் வேளையில் இவள் குறுக்கிடுகின்றாள். தொடக்கம் தாழ்ந்த குரலில், ஏறத்தாழப் பேச்சாக, அவ்விருவர்க்கும் நன்மை விழையும் நயத்தக்க மொழிகளுடன் அமைகின்றது. அந்நயம் மெல்ல மெல்லத் திரிந்து எள்ளலாகி, மீண்டும் மீண்டும் வரும் பகுதியில் வெகுளியாக வெடிக்கின்றது. வெகுளியே இப்பாட்டின் மெய்ப்பாடு எனப் பலரும் கூறினர். கூர்ந்து நோக்குவார்க்கு அதன் அடியில் இளிவரல் இருத்தல் புலனாகும். தன் இடம் இத்துணை விரைவில் நிரப்பப்பட்டதே என்னும் இழிவுணர்ச்சியே வெகுளிக்கு எரிபொருளாகின்றது. வள்ளுவர் புலவியையும் துனியையும் வேறுபடுத்திப் பேசுவார். புலவிக்கு மீட்சி உண்டு. இப்பாட்டின் தலைவிக்கோ மீட்சி வேண்டுவதில்லை. தான் இருந்ததை அவன் மறவாதிருத்தலே அவள் வேண்டுவது.

'ரைட் த்ரூ யூ' பாடலிற் கேட்போன் இசை வாணிகத்தைச் சேர்ந்த ஒருவன். தன் எதிரில் அமர்ந்த இளம்பெண்ணின் பெயரையும் சரியாக ஒலிக்காமல், அவள் திறத்தையும் கேட்டறியாமல் ஒதுக்கியவன் அவன். பாப் பாடகியாக இருந்த காலத்தின்மீது மோரிசெட் தொடுத்த திறனாய்வு இப்பாட்டு எனலாம். 'மேரி ஜேன்' பாடலிற் கேட்போள் தன்னையே வருத்திக்கொள்ளும் தோழி. ஈண்டுக் குரல் முழுவதும் கனிந்து விடுகின்றது. 'ஹெட் ஓவர் ஃபீட்' பாடலிற் கேட்போன் பொறுமையும் பண்பும் உடைய நண்பன். அவன்பால் காதல் கொண்டதைத் தனக்கே வியப்பாக அவள் உரைக்கின்றாள். 'நாட் த டாக்டர்' பாடலில், தன் குறைகளையெல்லாம் இவள் ஆற்றவேண்டும் என்று எதிர்பார்க்கும் ஒருவனுக்கு மறுப்புக் கூறப்படுகின்றது.

கேட்போர் மாறுந்தோறும் குரல் மாறுவதை ஈண்டு நோக்குக. காதலனிடத்து வெகுளி, வாணிகனிடத்து எள்ளல், தோழியிடத்து இரக்கம், நண்பனிடத்து வியப்பு என ஒரே பெண்ணின் பல நிலைகள் புலப்படுகின்றன. தம்மைப் பற்றி நேராக விரித்துரைப்பதால் அன்று, பலரிடத்தும் பேசும் முறையால் அவர் தம்மை அறிவிக்கின்றார். வெகுளி ஒன்றையே கொண்டு 'சினங்கொண்ட பெண்' என்று செய்தித்தாள்கள் அவருக்குச் சூட்டிய அடைமொழி, 12 பாடல்களுள் ஒன்றிரண்டைக் கேட்டு எழுதியதே ஆகும். பன்னிரண்டாம் பாட்டிற்குப் பின் அட்டையிற் குறிக்கப்பெறாது மறைந்துவரும் பகுதி ஒன்று உண்டு. அதில் 'யுவர் ஹவுஸ்' என்னும் பாடல் கருவியிசை சிறிதுமின்றித் தனிக்குரலாக ஒலிக்கின்றது. காதலன் இல்லாதபோது அவன் இல்லத்திற் புகுந்த பெண், வேறொருத்தி எழுதிய மடலை அங்கே காண்கின்றாள். முழக்கத்தால் புகழ்பெற்ற தொகுதி ஒருத்தியின் துணையற்ற குரலில் முடிகின்றது என்பது கருதுதற்குரியது.

பெயர் சுட்டாமை

'யூ ஆட்டா நோ' வெளிவந்த நாள் முதலாக, அக்காதலன் யார் என்னும் ஆராய்ச்சி ஓயவில்லை. பலர் பெயர் சொல்லப்பட்டன. மோரிசெட் ஒருவரையும் உறுதிப்படுத்தவில்லை. இதனை அவரது தன்னடக்கம் என்றோ வாணிக உத்தி என்றோ கொள்வாருண்டு. பாட்டின் இலக்கணம் நோக்கி வேறு விளக்கம் காணலாம்.

அன்பின் ஐந்திணைக்கண் ஒருவர் பெயரும் சுட்டப்பெறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் நெறி. பெயரோ பெயர்க்கு நிகரான அடையாளமோ புகுந்தவழிப் பாட்டு அகத்தினின்றும் நீங்கிப் புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பாண்டியர்க்குரிய வேம்பு கூறப்பட்டமையின் அதனைப் புறமெனக் கொண்ட உரைமரபை நாம் அறிவோம். ஓர் அடையாளப்பூ ஒரு நெடும்பாட்டின் திணையையே மாற்றவல்லது என்றால், பெயர் சுட்டாமை வெறும் நாகரிகம் அன்று. பாட்டின் பொருளைக் காக்கும் அரண் என்பது தெளிவாகும். பெயர் இல்லாதவரை அப்பாட்டுக் கேட்போர் அனைவர்க்கும் உரியது. பெயர் சேர்ந்தபின் இருவர்க்கு இடையே நிகழ்ந்த வழக்காகச் சுருங்கிவிடும். காதலன் யாரென்று தேடியோர் தம்மை அறியாமலே அகத்தைப் புறமாக்க முயன்றனர். மோரிசெட் அதற்கு இசையவில்லை.

இதன் மறுதலையையும் அவரிடமே காணலாம். 1998இல் வெளிவந்த அடுத்த தொகுதியில் 'அன்சென்ட்' என்னும் பாடல் உள்ளது. அது பழைய காதலர் பலரைப் பெயர் கூறி விளித்து எழுதப்பெற்ற மடல்களின் வரிசை. மீண்டும் மீண்டும் வரும் பகுதி அதில் இல்லை. நேர்மையில் அது முன்னதினும் மிக்கது. சினம் தணிந்த முதிர்ச்சியும் அதில் உண்டு. ஆயினும் முன்னதைப் போல் அது பரவவில்லை. இசையமைப்பின் வேறுபாடு ஒரு காரணமாகலாம். பெயர்கள் நின்று நம்மை வாயிலிலேயே தடுக்கின்றன என்பது மற்றொரு காரணம் என யாம் கருதுகின்றோம். அதே தொகுதியில், இந்தியப் பயணத்தின் பின் அவர் எழுதிய 'தேங்க் யூ' என்னும் பாடல், ஆளைச் சுட்டாது நாட்டையும் உணர்வுநிலைகளையும் முன்னிறுத்தி நன்றி கூறுவது. அது பெரும்புகழ் எய்தியது.

பிறர் வாயில் இப்பாடல்கள்

எம் துணிபிற்கு வலுவான சான்று ஒன்று 24 ஆண்டுகளின் பின் கிடைத்தது. 2019இல் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் இத்தொகுதியின் பெயராலேயே இசை நாடகம் ஒன்று மேடையேறிற்று. டயாப்லோ கோடி எழுதிய அந்நாடகம் மோரிசெட்டின் வரலாறன்று. கனெக்டிகட் மாநிலத்தில் வாழும் கற்பனைக் குடும்பம் ஒன்றின் கதை. பாடல்கள் தாய், மகள், மகன், மகளின் தோழி ஆகியோர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 'யூ ஆட்டா நோ' பாடலை, தன் காதலி வேறொருவனை நாடியதைக் கண்ட பெண் பாடுகின்றாள். அப்பாத்திரத்தை ஏற்ற லாரன் பாட்டன் 2021இல் டோனி விருது பெற்றார். நாடக எழுத்துக்குரிய விருது கோடிக்குக் கிடைத்தது.

மோரிசெட்டின் வாழ்வொன்றையே பொருளாகக் கொண்ட பாட்டாயின், பிறிதொருத்தி வாயில் புகுந்தவுடன் அஃது உயிர் இழந்திருத்தல் வேண்டும். இழக்கவில்லை. கூற்றிற்கு உரியார் மாறினர். கேட்போரும் ஆண்மகனினின்று பெண்ணாக மாறினார். எனினும் 'ஒருவர் ஒருவரை எதிர்நின்று கேட்கும்' அமைப்பு மாறவில்லை. அவ்வமைப்பே தன்னுணர்ச்சியின் உயிர்நிலை. தலைவி கூற்றாக வரும் அகப்பாட்டு, புலவர் ஆணாயினும் பெண்ணாயினும் உணர்ச்சி குன்றாது நிற்றற்கும் இதுவே காரணம்.

குறைகள்

இத்தொகுதி குறையற்றது என்பது எம் கருத்தன்று. குறை நேர்ந்த இடங்களும் எம் கருத்தையே வலியுறுத்துகின்றன. 'ஐரானிக்' என்னும் பாடல் பெரும்புகழ் பெற்றது. பெரும் எதிர்ப்பையும் பெற்றது. அதில் அடுக்கப்பட்டவை எல்லாம் வாய்ப்புக்கேடுகளே அன்றி முரண்நகை ஆகா என்று மொழியறிஞரும் பிறரும் எடுத்துக்காட்டினர். மேற்கூறிய நாடகத்திலும் அப்பாட்டை ஒரு மாணவி வகுப்பிற் படிக்க, உடன் பயில்வோர் இதே தடையை எழுப்புவதாக அமைத்துள்ளனர். எமக்குத் தோன்றும் குறை சொற்பொருள் பற்றியது மட்டும் அன்று. இப்பாட்டில் எதிர்நிற்கும் கேட்போர் இல்லை. உலகத்திற்குப் பொதுவாகக் கூறும் பழமொழி அடுக்காக அது நிற்கின்றது. பாப் பாடலின் பழைய 'நீ' ஈண்டு மீண்டுவருகின்றது. 'ஹாண்ட் இன் மை பாக்கெட்' பாடலிலும் கேட்போர் தெளிவிலர். ஆனால் அதில் முரண்பட்ட நிலைகள் இரண்டிரண்டாக இணைந்து முரண்தொடை போல் நிற்பதால், தன்னைத்தானே அளந்துகொள்ளும் நெஞ்சொடு கிளத்தலாக அது உயர்ந்துவிடுகின்றது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். பாப் இசையைத் துறந்தமையால் இத்தொகுதி சிறந்தது என்பது பொருந்தாது. மீண்டும் மீண்டும் வரும் பகுதிகள் ஒருமுறை கேட்டால் நெஞ்சில் தங்கும் தன்மையன. அத்திறன் பாலர்ட்டும் மோரிசெட்டும் பாப் இசையிற் கற்ற தொழில். பழைய தொழில் புதிய கேட்போரை நோக்கித் திருப்பப்பெற்றது என்பதே நேரிய மதிப்பீடு.

முடிவுரை

இத்தொகுதியைப் பற்றி எழுந்த இருவகைக் கருத்துக்களும் ஒரே பிழையின் இருமுகங்கள். 'அவர் வாழ்வே இது' என்று போற்றியோரும், 'தேர்ந்த இசையமைப்பாளன் ஒருவன் வடித்துத் தந்த சினம் இது' என்று ஐயுற்றோரும் பாட்டை விடுத்துப் பாடியவரையே நோக்கினர். முன்னையோர் கலைத்திறனை மறந்தனர். பின்னையோர் பெண்ணின் ஆக்கத்தை மறுத்தனர். ஆடவர் இருவர் சேர்ந்து எழுதிய ராக் பாடல்களுக்கு இவ்வையம் இத்துணை எளிதில் எழுவதில்லை என்பதும் எண்ணத்தக்கது.

இப்பிழை நமக்கும் அயலானதன்று. வெள்ளிவீதியார் காதலனைத் தேடித் திரிந்தார் என்பதற்கு ஔவையார் பாடிய அகநானூற்று 147ஆம் பாட்டில் குறிப்புண்டு. அக்குறிப்பைக் கொண்டு அவர் பாடிய அகப்பாடல்களையெல்லாம் அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளாகவே படித்து அமைவது நம்மிடையே எளிதாக நிகழ்கின்றது. கபிலர் பாடிய தலைவி கூற்றைக் கலையென மதிக்கும் நாம், வெள்ளிவீதியார் பாடிய தலைவி கூற்றை வரலாறெனக் கொள்வது நடுவுநிலையாகாது. அவர் பாடல்களில் யார் யாரிடம் பேசுகின்றார், எவ்விடத்துப் பேசுகின்றார் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு அதன்பின் வரலாம். பெண்பாற் புலவர் பாடல்களைக் கேட்போர் என்னும் உறுப்பு நோக்கி வகைப்படுத்தும் பணி ஆய்வு மாணவர்க்குத் தக்க பொருளாகும்.